பேர் வெட்டிய குவளை

1

இந்த இதழின் பக்கங்களில் இதற்கு முன் மூன்று முறை எழுதியிருக்கிறேன். முதல் பனிப்பொழிவைப் பற்றி ஒன்று, கார் ஓட்டும் தேர்வில் இரண்டு தடவை தோற்றதைப் பற்றி ஒன்று, மகளின் பள்ளியில் பொங்கல் வைத்ததைப் பற்றி ஒன்று. மூன்றிலும் நான் நல்லவனாகவே வருகிறேன். தோற்ற கதையில்கூட எல்லோரையும் சிரிக்க வைக்கிற நல்லவன். ஊரிலிருந்து கூப்பிட்டுப் பாராட்டினார்கள். இந்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

என் ஊர் கிளியனூர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. தெருவுக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாய்களின் வரைபடங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மனைவி கவிதா ஒரு மருத்துவ ஆய்வகத்தில் இருக்கிறாள். ஒரே மகள் ஆதிராவுக்குப் பதினாலு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். சில நாள் அதுவும் சொல்ல மாட்டாள்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால், கால்வாய் ஓரமாக, புகை படிந்த செங்கல் சுவரோடு ஒரு பழைய பப் இருக்கிறது. பெயர் வேண்டாம். 'ரியல் ஏல்' என்கிற பழைய வகை பியருக்கு நகரத்தில் பேர்போன இடம். வடிகட்டி வாயு ஏற்றி டப்பாவில் அடைத்து வருகிற பியர் இல்லை அது. புளிப்பேற்றும் ஈஸ்ட் உயிர் சாகாமல் பீப்பாயோடு வந்து, பப்பின் நிலவறையில் இரண்டு நாள் கிடந்து தெளிந்து, கைப்பம்பால் இழுத்து ஊற்றப்படுவது. ஜில்லென்று இருக்காது. முதல் தடவை குடித்தபோது பழைய சோற்றுத் தண்ணீரில் யாரோ வேப்பிலையைக் கசக்கிப் போட்ட மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை பிடித்துப் போயிற்று.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் இரண்டு மணி நேரம், சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம். பன்னிரண்டு வருடமாக இதுதான் என் வழக்கம். ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். எந்த ஏலில் ஆரஞ்சுத் தோல் வாசம், எதில் வறுத்த பார்லி கசப்பு என்று குறித்து வைப்பேன். அங்கே வருகிற வெள்ளைக்காரர்கள் என்னிடம் கேட்டுத்தான் வாங்குவார்கள். நான் குடிக்கவில்லை, சுவைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போன வருடம் பப்பின் உரிமையாளர் லிண்டா, வழக்கமாக வருகிறவர்களுக்குச் செய்கிற மரியாதையாக, வெள்ளீயக் குவளை ஒன்றில் என் பெயரைப் பொறித்துக் கல்லாவுக்கு மேலே கொக்கியில் மாட்டினார்.

ஊரில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை யாராவது கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று செய்தி அனுப்புவேன். ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு இப்படி: சின்னவன் அவ்வளவு தூரம் போயும் ஒரு சொட்டு தொட்டதில்லை. அந்தப் பேச்சை நான் மறுத்ததே இல்லை.

2

அண்ணன் ஏழுமலை என்னைவிட ஏழு வயது மூத்தவர். அப்பா இறந்த பிறகு நிலமும் மாடும் அவர் பொறுப்பு. தங்கை மகேஸ்வரிக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான், அண்ணியோடு ஊர் ஊராக அலைந்து. அப்போது அவருக்குக் குடிப் பழக்கம் இருந்தது. சண்டை போடுகிற ஆள் இல்லை. குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்கிற ஆள்.

பதினோரு வருடத்துக்கு முன் திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் மகேஸ்வரிக்குக் கல்யாணம். காலை ஆறரைக்கு முகூர்த்தம். அப்பா இல்லாத பெண்ணை மூத்த அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஐந்து மணிக்கு அண்ணன் மண்டபத்து வாசலில் வந்து நின்றார். வேட்டி சட்டை புதுசு. கண் சிவந்திருந்தது. பக்கத்தில் போனதும் வாடை அடித்தது.

"இப்படியா வந்து நிப்ப?" என்றேன். "வூட்டுக்குப் போ."

"கொஞ்சமாத்தான்டா தம்பி. பயமா இருந்திச்சி, அதான். மூஞ்சி கழுவிக்கினு வந்துர்றேன். ஒக்கார்ற நேரத்துக்குச் சரியாயிடும்."

மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேர் காபி குடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"குடிகாரன் கையால என் தங்கச்சியக் குடுக்கறதா?"

அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் நான் வாடகைக்கு எடுத்திருந்த காரில் உட்கார வைத்தேன். கிளியனூரில் இறக்கி விட்டுவிடு, திரும்ப ஏற்றிக்கொண்டு வராதே என்று டிரைவரிடம் சொன்னேன். அண்ணன் கண்ணாடியை இறக்கவில்லை. மணையில் நானும் கவிதாவும் உட்கார்ந்து தாரை வார்த்தோம். அண்ணி சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், மாப்பிள்ளையின் சித்தப்பா மகன்களை அழைத்துவரப் புதுச்சேரிக்குப் போன நான், அவர்களோடு உட்கார்ந்து நன்றாகவே குடித்தேன். முகூர்த்த நாள் காலை நாலு மணிக்கு எழுந்து இரண்டு முறை பல் துலக்கி, வாய் நிறையக் கிராம்பு போட்டு மென்றுகொண்டுதான் மண்டபத்து வாசலில் நின்றேன். அண்ணன் கண் சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது. என் கண்ணை நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.

அந்த வருடமே அண்ணன் குடியை விட்டுவிட்டார். நான் செய்ததுதான் அவரைத் திருத்தியது என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். குடிக்கிற தம்பியை வைத்துக்கொண்டு தவித்த ஒரு நண்பனிடம், நாலு பேர் எதிரில் அவமானப்படுத்து, அப்போதுதான் உறைக்கும் என்று யோசனைகூடச் சொல்லியிருக்கிறேன்.

3

அண்ணனை இங்கே அழைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது ஆதிரா. முந்தின வருடம் ஊருக்குப் போனபோது பெரியப்பா அவளுக்குப் பால் கறக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். அவள் என்னிடம் ஒரு விஷயத்தை இரண்டு முறை கேட்பது அபூர்வம். இதை ஐந்தாறு முறை கேட்டாள்.

முதல் தடவை விசா கிடைக்கவில்லை. திரும்பிப் போவார் என்று நம்ப ஆதாரம் போதவில்லை என்று கடிதம் வந்தது. போனில் படித்துக் காட்டினேன்.

"மூணு கறவ மாடு இருக்குது. மல்லாட்ட பயிரு போட்டிருக்கறேன். இதுங்கள வுட்டுட்டு அங்க வந்து நான் என்னா பண்ணப் போறேன்?" என்றார் அண்ணன். "அந்த ஆபீசர ஒரு நட கிளியனூருக்கு வந்து பார்த்துட்டுப் போவச் சொல்லு."

இரண்டாம் தடவைக்காக விழுப்புரத்துக்கு நாலு நடை அலைந்தார். நிலப் பத்திரத்தில் அவர் பெயரின் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் இரண்டு எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஒரு எழுத்துக்கு ஒரு நாள் போச்சுடா, பேஜாரு" என்றார். கடைசியில் விசா வந்தது. மாட்டை அண்ணியிடம் விட்டுவிட்டு, ஆறு வாரத்துக்கு ஜூன் மாதத்தில் வந்து இறங்கினார்.

வீடு மாறிப்போயிற்று. ஆதிரா அவரை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைப் பேச்சு அவளுக்கு வராது. நான் திருத்தப் போனால் அண்ணன் விட மாட்டார். "பேசறதே பெருசு. வுடு" என்பார். இரண்டு பேரும் தோட்டத்தில் மிளகாய்ச் செடி வைத்தார்கள். அவள் பள்ளி விட்டு வந்து தமிழில் மணிக்கணக்காகப் பேசினாள். என்னிடம் வராத தமிழ் அவரிடம் எங்கிருந்தோ வந்தது.

நான் மட்டும் பழையபடியே இருந்தேன். அவர் வந்த முதல் வெள்ளிக்கிழமை, மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பும்போது பெப்பர்மின்ட் மென்றுகொண்டு வந்தேன். சொந்த வீட்டுக்குள் அப்படி நுழைந்தேன். கவிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூன்றாவது சனிக்கிழமை, ஆபீசில் அவசர வேலை என்று சொன்னேன்.

4

அன்றைக்கு ஆதிரா பெரியப்பாவை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு முழங்கால் வலி. பஸ் வரக் காணோம். "அப்பா இங்க பக்கத்துலதான், வா" என்று அவள் நேராகப் பப்புக்குக் கூட்டிவந்துவிட்டாள். சனிக்கிழமை மதியம் நான் அங்கேதான் இருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும், அவளுக்கு இதில் மறைக்க ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேருமே அங்கே போய்ச் சாப்பிட்டிருக்கிறோம். பெற்றோரோடு பிள்ளைகள் வந்து சாப்பிட்டுப் போகிற இடம்தான் அது.

கதவு திறந்ததும் நான் நிமிர்ந்து பார்த்தேன். என் முன்னால் பாதி குடித்த குவளை, நோட்டு, பேனா. எதிரில் என்னோடு வேலை செய்யும் கிரெய்க். அண்ணன் நனைந்த ஜெர்க்கினோடு, கையில் கீரைக்கட்டு வைத்த பையோடு நின்றார்.

"வா அண்ணா" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். பம்பின் நீண்ட கைப்பிடியை லிண்டா இழுத்து ஊற்றுவதைப் பார்த்து, "அடிபம்பு கணக்கா இருக்குதே" என்றார். ஆதிரா சிரித்தாள். பலகையில் எழுதியிருந்ததைப் படித்து, ரியல் என்றால் என்ன, மற்றதெல்லாம் டூப்ளிகேட்டா என்று கேட்டார். நான் ஏதோ விளக்கம் சொன்னேன். பிறகு அவர் கண் என் குவளைக்கு வந்தது. அதைத் திருப்பி, பொறித்திருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"சீர்ப் பாத்திரத்துல வெட்றாப்ல பேரு வெட்டி வச்சிருக்காங்களே" என்றார். "ரொம்ப நாளா வர்றியோ?"

நான் பதில் சொல்லுமுன் கிரெய்க் எழுந்தான். அவனுடைய முறை, எல்லோருக்கும் அவன் வாங்க வேண்டும். உன் அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். நல்ல மனசோடு கேட்டான். அண்ணனுக்கு ஆரஞ்சு ஜூஸ் என்று சொன்னால் முடிந்திருக்கும். நான் அவன் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, ஆங்கிலத்தில் சொன்னேன்: இவருக்கு எதுவும் கொடுக்காதே, இவருக்குக் குடிப் பிரச்சினை இருந்தது, ஊரிலேயே பெரிய குடிகாரர், நாங்கள் ரொம்பக் கஷ்டப்பட்டோம்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். பிடிபட்டது நான். பிடிபட்ட அந்த நிமிடத்தில் பழியை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. பதினோரு வருடமாக நான் இறக்கி வைத்துப் பழகிய இடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

ஆதிரா என்னையே பார்த்தாள். கிரெய்க் சங்கடத்தோடு கல்லாவுக்குப் போனான். அண்ணன் குவளையை மேசையில் வைத்தார்.

"ப்ராப்ளம்னா எனக்குத் தெரியும்டா" என்றார் மெதுவாக. "ட்ரங்க்குன்னாலும் தெரியும். அதுக்கெல்லாம் இங்லீஷ் படிக்கணுமா?"

5

லிண்டாவுக்கு அறுபது வயது இருக்கும். எங்கள் மேசையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. வந்திருப்பது என் அண்ணன் என்று ஆதிரா சொன்னதும் வந்து கை கொடுத்தார். அண்ணனின் கண் பம்பையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, கீழே இறங்கிப் பார்க்கிறாயா என்று கேட்டார். அண்ணன் உடனே எழுந்துவிட்டார். ஆதிரா மொழிபெயர்க்கப் போனாள். நானும் பின்னால் போனேன்.

கல்படி இறங்கினால் சில்லென்ற நிலவறை. மரச் சட்டங்களின் மேல் பத்துப் பன்னிரண்டு பீப்பாய்கள் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளை, அதில் செருகிய மரக்குச்சி, குச்சியைச் சுற்றி வெள்ளையாக நுரை கசிந்துகொண்டிருந்தது. உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது, அது மூச்சு விட்டு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், அசைத்தால் கலங்கிவிடும் என்று லிண்டா சொன்னார். அண்ணன் குனிந்து பீப்பாயின் மேல் காதை வைத்தார்.

"பொங்குது பாப்பா. கூழுக்குக் கேப்ப மாவு கரைச்சி வச்சா மறுநா புளிச்சிப் பொங்குமே, அதே சத்தம்."

ஆதிரா அதைச் சொன்னாள். லிண்டாவுக்குக் கேப்பையும் கூழும் புரியவில்லை. ஆனால் புளித்துப் பொங்குவது புரிந்தது. தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். மரியாதைக்காக ஒரு சின்ன கிளாசில் கொஞ்சம் பிடித்து நீட்டினார். அண்ணன் இரண்டு கையையும் கூப்பினார்.

"நோ மேடம். லெவன் இயர்ஸ் நோ."

லிண்டா கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி ஏதோ சொன்னார். ஆதிரா யோசித்து யோசித்துத் தமிழாக்கினாள்.

"அவங்களும் ட்ரையாம் பெரியப்பா. அவங்க காய்ஞ்சு போயி ஒன்பது வருசமாம்."

"என்னாது, காய்ஞ்சா?"

"குடிக்காம இருந்தா ட்ரைன்னு சொல்லுவாங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ நான் பதினோரு வருசமா காய்ஞ்ச ஏரின்னு சொல்லு."

அவள் சொன்னாள். அந்தக் குளிரில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பன்னிரண்டு வருடம் வாரம் இரண்டு நாள் அந்தப் பெண் கையால் வாங்கிக் குடித்திருக்கிறேன். அவர் குடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாது. வாசம் பார்த்தே அவர் பதம் சொல்லுவாராம். சுவைத்துப் பார்க்க வேறு ஆள் இருக்கிறாராம்.

"இத்தன பீப்பா நடுவுல நின்னுகினு எப்படிம்மா?" என்று கேட்டார் அண்ணன். "கஷ்டமா இல்லியா?"

தினமும் மதியம் நாலு மணிக்குக் கஷ்டமாக இருக்கும் என்றார் லிண்டா. கடை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம்.

"எனக்கு சாயங்காலம் ஆறு மணி" என்றார் அண்ணன். "சொசைட்டில பால ஊத்திட்டு, கேன கழுவி வச்சிட்டு நிப்பேன் பாரு, அப்போ. இன்னிக்கும் அப்படித்தான். ஒரு அரமணி நேரம் எதனா வேல செஞ்சிக்கினே இருந்தா போயிடும்."

பதினோரு வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி அது. எப்போது கஷ்டமாக இருக்கும் என்று. அவர் குடியை விட்டது ஒரு நாளில் முடிந்துபோன காரியம், அதை முடித்து வைத்தவன் நான் என்று இருந்துவிட்டேன். அவர் அதை இன்னும் தினமும் ஆறு மணிக்குச் செய்துகொண்டிருக்கிறார்.

எப்படி விட்டாய் என்று லிண்டா கேட்டார். அண்ணன் என் பக்கம் பார்க்கவில்லை. ஆதிராவைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

"தங்கச்சி கல்யாணத்துக்குக் குடிச்சிட்டுப் போனேன். தப்புதான். கார்ல ஏத்தி வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. தாலி கட்டறத நான் பாக்கல."

ஆதிரா சொன்னாள்.

"அதுக்கப்புறம் இன்னும் அதிகமா குடிச்சேன். ஏழெட்டு மாசம். காலைலயே குடிப்பேன்."

அவள் குரல் மெதுவாயிற்று. ஆனாலும் சொன்னாள்.

"தங்கச்சிக்கு வளகாப்பு வந்திச்சி. ஒங்க பெரியம்மா முன்னாடியே கெளம்பிப் போயிட்டாங்க. நானும் குளிச்சிட்டு, சட்ட மாட்டிக்கினு, பஸ் ஸ்டாப்புல ஒக்காந்தேன். மூணு பஸ்ஸு வந்திச்சி. மூணையும் வுட்டுட்டேன். போனா திரும்ப யாராச்சும் கையப் புடிச்சி வெளிய இழுத்துருவாங்களோன்னு. அங்கயே ஒக்காந்துகினு அழுதேன். மறுநாள்லருந்து தொடல."

கடைசி வாக்கியத்தை அவள் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அதற்குப் பதில் தமிழில் கேட்டாள்.

"யார் உன்னைக் கார்ல ஏத்தினாங்க பெரியப்பா?"

"யாரோ ஒருத்தரு. அத வுடு பாப்பா. நீ சொல்லு அந்தம்மாவுக்கு."

நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்ல அங்கே இடமும் இருந்தது, நேரமும் இருந்தது. என் மகள் கேட்டாள், அண்ணன் எனக்காக மறைத்தார், நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாண வாசலில் செய்ததை வயசுக் கோளாறு, பதற்றம் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். நிலவறையில் நின்ற அந்த அரை நிமிடத்துக்குச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

லிண்டா முழுதும் கேட்காமலே புரிந்துகொண்டவர் போல அண்ணனின் தோளில் கை வைத்தார்.

6

வீட்டுக்கு வந்ததும் ஆதிரா என் அறைக் கதவைத் தட்டினாள். ஆங்கிலத்தில் பேசினாள்.

"நீங்கதானே?"

"ஆமாம்."

"அந்தக் காலத்துல நீங்க குடிப்பீங்களா?"

"குடிப்பேன். அதுக்கு முந்தின நாளும் குடிச்சிருந்தேன்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபமாக இல்லை. கணக்கில் விடை ஏன் தப்பாக வருகிறது என்று பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "அப்புறம் உங்களை யார் கார்ல ஏத்தினாங்க?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். மூன்று வாரம் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

மறுநாள் காலை அண்ணன் தோட்டத்தில் மிளகாய்ச் செடிக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதுச்சேரியில் குடித்ததைச் சொன்னேன். கிராம்பு மென்றதைச் சொன்னேன். மன்னித்துவிடு என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. அழுதது அவருக்காகவா, என் பாரம் இறங்கட்டும் என்றா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அவர் கொம்பைச் சுற்றி மண்ணை அழுத்தினார்.

"வுடுடா. குடிச்சிட்டு வந்தது நெசந்தானே. நான் ஒன்னும் யோக்கியம் இல்லியே."

"நான் பண்ணது தப்பு அண்ணா."

"தப்புதான். நேத்து அந்த வெள்ளக்காரன்கிட்ட சொன்னதும் தப்புதான்." கையைத் தட்டிக்கொண்டார். "எங்கிட்ட கேட்டுட்ட. கேக்க வேண்டியவங்க இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க."

அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தின நாள், ஆதிராவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் லிண்டாவிடம் சொல்லிக்கொண்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

7

மகேஸ்வரியிடம் பேச எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவள் திண்டிவனத்தில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"தார வாக்கறப்ப என் கையப் புடிச்சிக்கினு பக்கத்துல ஒக்காந்திருந்தியே. கிராம்பு வாசனயும் அடிச்சிது, அந்த வாடையும் அடிச்சிது. நான் கல்யாணப் பொண்ணு. என்னா சொல்ல முடியும்?"

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"பெரியண்ணன் எங்கன்னு கேட்டேன். ஒடம்பு சரியில்லன்னு சொன்ன. என் கல்யாண ஆல்பத்துல அவரு ஒரு போட்டோல கூட இல்ல, தெரியுமா? எம் புள்ளைங்க கேக்குதுங்க, பெரிய மாமா ஏன் வரலன்னு."

"அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டேன் மகேசு."

"வுட்டுடுன்னு சொல்லியிருப்பாரே. அவரு வுட்டுடுவாரு. எனக்கு அவ்ளோ ஜல்தியா ஆறாது. நீ இத்தினி வருசம் கழிச்சி கேக்கற. எனக்கும் கொஞ்ச நாளு குடு." பிறகு, "அண்ணியாண்ட பேசினியா?" என்று கேட்டாள்.

பேசவில்லை. அண்ணன் சொன்ன இரண்டு பேரில் ஒருவர் அண்ணி என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் அண்ணியிடம் கேட்க என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். நான் வெளியே தள்ளியது அண்ணனைத்தானே.

நான் குடியை விட்டுவிட்டேன் என்று இங்கே எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். விடவில்லை. குறைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால், பப்பில் இருக்கிறேன் என்று சொல்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் முகம் சுடுகிறது. ஆதிரா மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறாள், ஆங்கிலத்தில்.

போன வாரம் அண்ணியைக் கூப்பிட்டேன். அண்ணன் வயலுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து. நலம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தேன். அண்ணி என்னை எப்போதும் தம்பி என்றும் நீங்கள் என்றும்தான் பேசுவார். அன்றைக்கும் அப்படியே பேசினார்.

"அந்த மாப்பிளய நாங்க ரெண்டு பேருந்தான் தம்பி பார்த்தோம். எட்டு ஊரு நடந்தோம். தார வாக்கறதுக்குன்னு ஒங்க அண்ணன் எனக்கு ஒரு பொடவ எடுத்துக் குடுத்தாரு. காஞ்சிபுரத்துக்கே போயி எடுத்தாந்தாரு. முகூர்த்தத்துக்கு அரமணி முன்னாடி கட்டிக்கலாம்னு ரூம்புல பையில வச்சிருந்தேன்."

பின்னால் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"நீங்க அவர கார்ல ஏத்திட்டு உள்ள வந்து, என்னப் பார்த்து, 'அண்ணி, பந்திய கொஞ்சம் கவனிங்க'ன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்குதா?"

இல்லை. எவ்வளவு யோசித்தும் அது எனக்கு ஞாபகம் இல்லை. அவர் தானாகப் பந்திப் பக்கம் போனார் என்றே இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். இந்தக் குறிப்பின் மேலேகூட அப்படித்தான் எழுதினேன். திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

"ஞாபகம் இல்ல அண்ணி" என்றேன்.

"இருக்காது" என்றார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும் தம்பி, வச்சிட்றேன்" என்று சொல்லிவிட்டு, நான் கேட்க வந்ததைக் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.